ஒரே தோட்டா, மூன்று அளவு மருந்து

1873ல் அமெரிக்க ராணுவம் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளுக்கென ஒரு தோட்டாவை ஏற்றுக்கொண்டது. 0.45 அங்குலக் குண்டு, 70 கிரெய்ன் கருமருந்து, அதனால் பெயர்.45-70. குண்டின் எடை 405 கிரெய்ன், ஏறக்குறைய 26 கிராம். உதை தாங்காது என்று குதிரைப்படைக்கு மருந்தை 55 கிரெய்னாகக் குறைத்தார்கள். ஆளைப் பார்த்து மருந்து அளப்பது அன்றே தொடங்கிவிட்டது.

மார்லின் 1881, வின்செஸ்டர் 1886 ஆகிய லீவர் ரைபிள்கள் இத்தோட்டாவை வேட்டைக்காரர்களிடம் கொண்டு சேர்த்தன. இவற்றில் தோட்டாக்கள் ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். கூர்மையான குண்டு, உதையின் அதிர்ச்சியில் முன்னிருக்கும் தோட்டாவின் பிரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்க வைக்கலாம். ஆகவேதான் தட்டைமூக்குக் குண்டு.

பிறகு புகையில்லா வெடிமருந்து வந்தது. பழைய ஸ்பிரிங்ஃபீல்டுகள் இன்னும் பல வீடுகளில் இருந்ததால், பெரிய நிறுவனங்கள் தோட்டாவை மென்மையாகவே செய்தன. 1972ல் வந்த புதிய மார்லின் 1895 அதைவிட அதிக அழுத்தம் தாங்கும். இந்த இடைவெளியைத்தான் கையால் மருந்து நிரப்புவோர் பயன்படுத்திக்கொண்டனர். அவர்களுடைய கையேடுகளில் மூன்று அட்டவணைகள்: பழைய ஸ்பிரிங்ஃபீல்டு, லீவர் ரைபிள், ரூகர் ஒற்றைத் தோட்டா ரைபிள். மூன்றுக்கும் தோட்டா வெளியில் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிப் போட்டால் பழைய துப்பாக்கி சுடுபவர் முகத்திலேயே வெடிக்கக்கூடும்.

மானுக்கு இவ்வளவு வீரியம் தேவையா? தேவையே இல்லை. காட்டெருமையையே வீழ்த்திய பழைய மென்மையான அளவு மானுக்குத் தாராளம். கூடுதல் மருந்தால் தோள்தான் வலிக்கும். எதற்கும் பெட்டியின்மேல் எந்தத் துப்பாக்கிக்கு என்று எழுதி வைப்பது பழைய கைகளின் வழக்கம்.