ஆன்டியின் குரல்

2010இல் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி 3’ படத்தின் இறுதியில், ஆன்டி தன் பொம்மைகளைப் போனி என்னும் சிறுமியிடம் ஒப்படைத்துவிட்டுக் கல்லூரிக்குப் புறப்படுகிறான். அக்காட்சியில் ஒலிப்பது ஜான் மோரிஸின் குரல். 1995இல் முதற்படத்தில் சிறுவன் ஆன்டிக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. முழுவதும் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம் என்பதற்காகவே வரலாற்று நூல்கள் முதற்படத்தைக் குறிப்பிடுகின்றன. 15 ஆண்டுகளில் மகரக்கட்டு உடைந்து முதிர்ந்த அக்குரலும், என் பார்வையில், அதற்கிணையான ஆவணமே. முதற்படத்தைப் பார்த்த சிறுவர்களும் அதற்குள் கல்லூரி வயதை எட்டியிருந்தனர்.

இம்முடிவு நமக்குக் கிட்டாமலே போயிருக்கலாம். 2004இல் டிஸ்னி, பிக்சார் ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. தொடர்ப்படங்களை எடுக்கும் உரிமையோ டிஸ்னியிடமே இருந்தது. பாத்திரங்களைப் படைத்தவர்களை விலக்கிவிட்டு இப்படத்தை எடுக்க, ‘சர்க்கிள் 7’ என்னும் தனிக்கூடத்தை அது அமைத்தது. அங்கு எழுதப்பட்ட கதையில், பழுதுற்ற பஸ் லைட்இயர் தைவானுக்குத் திருப்பியனுப்பப்படுகிறான். (உலகமயமாக்கலை ஆய்வோருக்கு அதுவும் சுவையான கதைதான்.) 2006இல் டிஸ்னி பிக்சாரையே விலைக்கு வாங்கியது; அக்கூடம் மூடப்பட்டது, கதையும் கைவிடப்பட்டது. ஆன்டியை வழியனுப்பும் வாய்ப்பு அவனைப் படைத்தவர்களுக்கே திரும்பி வந்ததற்கு, கலை மதிப்பைவிட இப்பங்குப் பரிமாற்றமே நேரடிக் காரணம்.

உடைமையாளருக்கு முடிவு என்பது இலாபமற்ற சொல். 2019இல் நான்காம் படம் வந்தது. நான் அதைப் பின்னிணைப்பாகவே வாசிக்கிறேன். அதில் ஆன்டி கடந்தகாலக் காட்சிகளில் மட்டுமே தோன்றுகிறான்.