ஈறு நோயும் தேயிலைத் தோட்டமும்



வரலாறு என்றவுடன் போர்க்களங்களும் அரியணைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. நோய்களுக்கும் வரலாறு உண்டு. ஈறு நோயின் வரலாற்றில் மிக முக்கியமான அத்தியாயம் ஒன்று தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பார்த்தே எழுதப்பட்டது. அதனை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஹாலந்து நாட்டில் டெல்ப்ட் என்னும் நகரில் வாழ்ந்த லீவன்ஹூக் என்னும் துணி வணிகர், தம் பல்லிடுக்கில் படிந்திருந்த வெண்மையான பொருளைச் சுரண்டி, தாமே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அதில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் துள்ளித் திரிந்தன. இச்செய்தியை 1683ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர் கழகத்திற்கு எழுதி அனுப்பினார். ஆயினும் ஈறு வீங்குவதற்கு அப்படலமே காரணமா, அல்லது முதுமையின் இயல்பா என்னும் ஐயம் நெடுங்காலம் தீரவில்லை.

அந்த ஐயத்தைத் தீர்த்தவர் நார்வே நாட்டு அறிஞர் ஹெரால்டு லோ. 1965ஆம் ஆண்டில் அவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட சோதனை மிக எளியது. ஈறு நலமாக இருந்த 12 பேர், அவர்களுள் பெரும்பாலோர் மாணவர்கள், பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருடைய ஈறுகளும் சிவந்து வீங்கின. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வீக்கம் தணிந்தது. படலமே காரணம் என்பது ஐயமின்றி விளங்கிற்று.

மற்றொரு வினா எஞ்சியது. இப்படலத்தை ஆயுள் முழுவதும் அகற்றாமல் விட்டால் என்ன ஆகும்? இதனை அறிவதற்காக எவரையும் முப்பது ஆண்டுகள் பல் துலக்காமல் இருக்கச் சொல்ல இயலாது. ஆகவே லோவின் குழுவினர் இரு கூட்டத்தாரைத் தேர்ந்தனர். முதற் கூட்டத்தார், இளமை முதலே பல் மருத்துவ வசதி பெற்ற 565 நார்வே நாட்டினர். அவர்களை 1969இல் ஆஸ்லோ நகரில் பரிசோதித்தனர். அடுத்த கூட்டத்தார், பல் மருத்துவத்தின் நிழல் கூடப் படாதவர்கள். அவர்களை 1970இல் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே கண்டனர். 480 ஆண்கள், யாவரும் தமிழ்த் தொழிலாளர்கள்.

அவர்கள் நமக்கு அயலார் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் திரட்டிய கங்காணிமார் வந்து சேர்ந்த மாவட்டங்களுள் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டமும் ஒன்று. இன்று தனித்தனி மாவட்டங்களாக விளங்கும் பெரம்பலூரும் அரியலூரும் அந்நாளில் அதனுள் அடங்கியவையே. மழை பொய்த்தபோது நம் பக்கத்து மானாவாரி நிலங்களை விட்டுக் கடல் கடந்தவர்கள், லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். மருத்துவர் கண்ணாடியுடனும் அளவுகோலுடனும் வந்தபோது அவர்களுடைய நிலை இதுவே.

1970 முதல் 1985 வரை, இடையிடையே சென்று, ஒவ்வொரு பல்லிலும் ஈறு எத்துணை விலகியது என்பதை மில்லிமீட்டர்க் கணக்கில் அளந்தனர். இறுதிப் பரிசோதனையில் முதலில் கண்டவர்களுள் 161 பேரே எஞ்சியிருந்தனர். அவர்களுக்குச் சொத்தைப்பல் அநேகமாக இல்லை. ஆயினும் ஈறு வீக்கம் எல்லாரிடமும் இருந்தது. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. நாற்பத்தைந்து வயதிற்குள் அவர்கள் பற்கள் யாவும் இழந்தனர். நூற்றுக்கு 81 பேருக்கு நோய் மெல்ல மெல்ல வளர்ந்தது. நூற்றுக்கு 11 பேருக்கோ வீக்கத்திற்கு அப்பால் நோய் செல்லவே இல்லை. அழுக்கு எல்லாரிடமும் ஒன்றே. உடலின் எதிர்ப்புத் திறன் ஆளுக்கு ஆள் வேறு. இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம் இது.

நோய் வளரும் விதத்தை நம் ஊர்ப் பொருளைக் கொண்டே விளக்கலாம். அரியலூர் பண்டைக் காலத்தில் கடலுக்கடியில் இருந்த நிலம். அக்கடலில் படிந்தவை இறுகியே இன்று நாம் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் ஆயிற்று. அது போலவே, பல்லின் மேல் படிந்த மென்மையான படலத்தில் எச்சிலில் உள்ள சுண்ணச் சத்து ஊறி இறுகுகிறது. அதனைப் பற்காரை என்கிறோம். சுவரில் பூசிய காரையைத் துடைப்பத்தால் பெயர்க்க முடியுமா? பற்காரையும் பல் துலக்குவதால் போகாது. அதனைப் பற்றிக்கொண்டு புதிய படலம் படிகிறது, ஈறு விலகுகிறது, பல்லின் வேர் வெளிப்படுகிறது.

பற்கூச்சத்திற்கு இதுவும் ஒரு காரணம். பல்லின் தலைப்பகுதியை எனாமல் என்னும் கவசம் காக்கிறது. வேருக்கு அக்கவசம் இல்லை. அதன் உட்பகுதியிலுள்ள நுண்ணிய குழாய்களில் நீர்மம் நிறைந்திருக்கிறது. குளிர்ந்த நீர் பட்டதும் அந்நீர்மம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. உடனே பல் கூசுகிறது. செங்கற்பொடியாலும் கரியாலும் அழுத்தித் தேய்த்தால் பல் தேய்ந்து கூச்சம் மிகும்.

ஆகவே மென்மையான தூரிகையால் காலையிலும், இரவில் படுக்கு முன்னும் துலக்குங்கள். ஈற்றில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். அது நோயின் முதல் அறிகுறி என்று உணர்ந்து மருத்துவரிடம் செல்லுங்கள். காரையை அகற்றினால் பல் ஆடிவிடும் என்னும் அச்சம் நம் ஊர்களில் மிகுதி. பல்லை ஆடச் செய்தது நோய். காரை அந்த ஆட்டத்தை மறைத்திருந்தது, அவ்வளவே. கூச்சத்திற்குப் பொட்டாசியம் நைட்ரேட் சேர்ந்த பற்பசை பயன் தரும். எனினும் காரணத்தை மருத்துவர் கண்டறிதல் வேண்டும். புகையிலையும் நீரிழிவும் ஈறு நோய்க்கு உற்ற துணைவர்கள் என்பதையும் மறவாதீர்கள்.

இறுதியாக ஒன்று. அத்தோட்டத் தொழிலாளர்களுக்குச் சிகிச்சை அளிப்பது அவ்வாராய்ச்சியின் நோக்கமாக இருக்கவில்லை. நோய் தன் போக்கில் செல்வதைப் பார்ப்பதே நோக்கம். அறிவைத் தேடுவோர், தாம் யாரிடமிருந்து அறிவு பெறுகிறாரோ அவருக்குச் செய்ய வேண்டிய கடமை யாது? நீங்கள் மருத்துவராகவோ ஆராய்ச்சியாளராகவோ ஆகும் நாளில் இவ்வினா உங்கள் முன் வந்து நிற்கும். 2010ஆம் ஆண்டில் மீண்டும் சென்ற அறிஞர்கள் அவர்களுள் 75 பேரைக் கண்டு பரிசோதித்தனர். இளைஞராய் வாய் திறந்து காட்டியவர்கள் அப்போது முதியவர்கள். ஆராய்ச்சி ஏடுகளில் அளந்தவர்களின் பெயர்கள் உள்ளன. அளக்கப்பட்டவர்கள் எண்களாகவே நிற்கிறார்கள். அவர்கள் இழந்த பற்களால் உலகம் கற்றது. அப்பாடத்தை நாம் கைக்கொள்ளாவிடின் அவ்விழப்பு வீணாகும்.