சாரதா சட்டத்துக்கு முந்திய மாசி

புனே சிவாஜிநகரில் 'சிம்லா ஆபீஸ்' என்றால் எந்த ஆட்டோக்காரரும் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் விடுவார். கோபுரம் வைத்த அந்தக் கல் கட்டடம் வானிலைத் துறையுடையது. 1875இல் கல்கத்தாவில் தொடங்கிய துறை, 1905இல் தலைமையகத்தைச் சிம்லாவுக்கு மாற்றியது. 1928இல் மூட்டை கட்டிக்கொண்டு புனேவுக்கு வந்தது. 1944இல் டெல்லிக்குப் போய்விட்டது. தலைமையகம் போய் இத்தனை காலமாகியும் சிம்லா என்ற பெயரை மட்டும் புனே விடவில்லை. அந்த மூட்டைகளோடு வந்து இறங்கிய குடும்பங்களில் ஒன்று என் பாட்டியுடையது. அம்மாவின் அம்மா. அவளுடைய அப்பா அங்கே குமாஸ்தா.

அந்த ஆபீஸில் தமிழ் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். கல்பாத்தியில் பிறந்த கே.ஆர்.ராமநாதன் 1925இல் இந்தத் துறையில் சேர்ந்தார். சி.வி.ராமனின் மாணவரான எல்.ஏ.ராமதாஸ் 1932இல் புனேவில் வேளாண் வானிலைப் பிரிவைத் தொடங்கினார். இவர்களுக்குத் துறையின் சரித்திரத்தில் இடம் உண்டு. தினமும் காலையில் ஊர் ஊராக வந்து விழும் தந்திகளின் எண்களைப் பிரித்து எழுதிக் கூட்டிக் கழித்த குமாஸ்தாக்களுக்கு இல்லை. குமாஸ்தா வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பாட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் முடிந்த முடிவாகச் சொல்லப்பட்டு வந்தன. அவள் பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. பதினாலு முடிந்து பதினைந்து நடக்கும்போது கல்யாணம். ஆனால் அவள் பால் கணக்கு எழுதும் அழகைப் பார்த்தவர்களுக்கு முதல் விஷயத்தில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காலண்டர் தாளின் பின்பக்கம் தேவநாகரி எண்கள் வரிசை பிசகாமல் நிற்கும். மாசக் கடைசியில் கால், அரை, முக்கால் எல்லாவற்றையும் வாய்க்குள் முணுமுணுத்தே கூட்டிவிடுவாள். முணுமுணுப்பு தமிழில் இருக்காது. அது 'பாவ்கி', 'நிம்கி': கால் வாய்ப்பாடும் அரை வாய்ப்பாடும். மராத்திப் பள்ளிகளில் குழந்தைகளை வரிசையாக நிற்கவைத்து ராகம் போட்டுச் சொல்ல வைத்த பின்ன வாய்ப்பாடுகள். பால்காரனிடமிருந்தோ பக்கத்து வீட்டு மாமியிடமிருந்தோ மராத்திப் பேச்சு வரும், பாவ்கி வராது. அதற்கு ஒரு வாத்தியார் வேண்டும்.

தேட ஆரம்பித்தபோது முதலில் கிடைத்தது கொள்ளுத்தாத்தாவின் சர்வீஸ் புத்தகத்தின் நகல். அந்தக் காலத்து சர்க்கார் எதையும் விடவில்லை. தகப்பன் பெயர், பிறந்த தேதி, உயரம், உடம்பில் அடையாளம், இடது கை விரல் ரேகை, வருஷா வருஷம் மேலதிகாரி கையெழுத்து. அவருக்கு எந்தத் தோளில் மச்சம் என்று எனக்குத் தெரியும். அவருக்கு எத்தனை பெண்கள் என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது.

வீட்டுக் காகிதங்களை நம்பவும் வழியில்லை. 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்தது. கடக்வாஸ்லா அணையும் தாங்கவில்லை. முட்டா ஆறு பேட்டைகளுக்குள் நுழைந்தது. நாராயண் பேட்டில் இருந்த எங்கள் வீட்டில் தண்ணீர் இறங்கியபோது, கடிதங்களும் கல்யாணப் பத்திரிகையும் இருந்த தகரப் பெட்டியில் சேறுதான் மிச்சம். பழைய புனே வீடுகளில் 'பான்ஷேத்தில் போச்சு' என்ற பதிலோடு முடியாத தேடல் குறைவு. பாட்டியின் ஜாதகம் தப்பித்தது, அது பம்பாய் மாதுங்காவில் புகுந்த வீட்டுப் பூஜைப் பெட்டியில் இருந்ததால். பிங்கள வருஷம், கார்த்திகை மாதம். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வந்துவிடும் என்பதால் யாரும் அதை ஆங்கில வருஷத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவள் வயதுக்குப் பொருந்துகிற பிங்கள ஒன்றுதான்: 1917 ஏப்ரலில் பிறந்து 1918 ஏப்ரலில் முடிந்தது. அப்படியானால் பாட்டி பிறந்தது 1917 கடைசியில். வீட்டில் சொல்லிவந்தது 1915.

பாவ்கிக்குத் திரும்புகிறேன். பெண்களுக்கான பள்ளி என்பது புனேவுக்குப் பழைய சங்கதி. ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே தம்பதியர் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியது 1848இல். ஹுஜூர்பாகா 1884இல் வந்தது. ரமாபாய் ரானடேயின் சேவா சதன் 1909இல் வந்தது. அங்கே கல்யாணமான பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும், வீட்டுவேலை ஓய்ந்த மத்தியான நேரத்தில் வகுப்பு நடந்தது. பெண்கள் பள்ளி இருந்த இடத்தில் ஜெனரல் ரெஜிஸ்டர் என்ற சேர்க்கைப் பதிவேடும் இருக்கும். மகாராஷ்டிரத்தில் இன்றைக்கும் ஒருவருக்குத் தாக்லா, அதாவது பள்ளிச் சான்றிதழ், வேண்டுமென்றால் அந்தத் தடித்த பேரேட்டைத்தான் புரட்டுகிறார்கள்.

பேட்டைப் பகுதியின் பெண்கள் பள்ளி ஒன்றில் அந்தப் பேரேட்டைப் பிரித்துக் காட்டினார்கள். கீழ் ஓரம் முழுக்க வெள்ளக் கறை. மை மட்டும் தாக்குப்பிடித்திருந்தது. 1928 ஜூனில் பாட்டியின் பெயர், அடுத்து அவள் அப்பா பெயர். குடும்பப் பெயர் இல்லாத ஆட்களை மராத்திக் கட்டம் ஏற்காது என்பதால் கடைசியில் 'ஐயர்'. பிறந்த இடம் சிம்லா. பிறந்த தேதி 1 ஜூன் 1917. ஜூன் ஒன்றைக் கண்டு யாரும் திடுக்கிட வேண்டாம். பள்ளி திறக்கும் மாதத்தில் சேர வந்த பிள்ளைக்கு வாத்தியார் போட்டுக்கொடுத்த பிறந்தநாள் அது. இந்தியாவில் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த தாத்தா பாட்டிகள் ஏராளம். தேதி வாத்தியாருடையது, வருஷம் ஜாதகத்துடையது. விலகிய நாள் 1930 பிப்ரவரி. காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: லக்ன. கல்யாணம்.

அந்த பிப்ரவரியில் அவ்வளவு அவசரம் எதற்கு என்பதற்குப் பதில் பேரேட்டில் கிடைக்காது. ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த குழந்தை மணத் தடைச் சட்டம் 1929 செப்டம்பரில் நிறைவேறியது. பெண்ணுக்குக் குறைந்தது 14 வயது, பையனுக்கு 18. மீறினால் ஒரு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அமலுக்கு வருவது 1930 ஏப்ரல் 1 அன்றுதான். இடையில் கிடைத்த ஆறு மாதத்தில் நாடெங்கும் ஜாதகக் கட்டுகள் அவிழ்ந்தன. தொட்டில் குழந்தைகளுக்குக்கூட முகூர்த்தம் பார்த்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கல்யாணமான சிறுமிகளின் எண்ணிக்கை திடீரென்று ஏறி நின்றதற்கு இதுதான் காரணம். சுக்கில வருஷம் மாசியில் கழுத்து நீட்டிய என் பாட்டிக்கு வயது பன்னிரண்டு. அவளைக் காப்பாற்ற வந்த சட்டம் அவள் கல்யாணத்தைச் சீக்கிரமாக்கிவிட்டது. பிற்பாடு அந்தப் பன்னிரண்டைச் சொல்லக் கூச்சப்பட்டு யாரோ இரண்டு வருஷம் கூட்டியிருக்கிறார்கள். அப்படி வந்ததுதான் வீட்டில் வழங்கிய பதினாலும் 1915உம்.

கதை அங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பேரேட்டில் சில பக்கங்கள் தள்ளி, அதே 1930 ஜூனில் இன்னொரு பெண். அதே பெயர், பிறந்த இடம் சிம்லா, தேதி 1 ஜூன் 1917. அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் தாத்தாவின் பெயர். மகாராஷ்டிர வழக்கப்படி கல்யாணமானவளுக்கு நடுப்பெயர் மாறிவிட்டது. அதனால் பழைய வரியைத் தொடராமல் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். குறிப்புக் கட்டத்தில் முந்தைய ரெஜிஸ்டர் எண்ணும் இருந்தது. பெண் பெரியவளாகும்வரை பிறந்த வீட்டில் இருப்பாள் என்பதால், அந்த இடைவெளியில் கொள்ளுத்தாத்தா மகளை மறுபடி பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். சேவா சதன் இருந்த ஊரில், தாலி கட்டிய பெண் பலகையோடு போவதைத் தெரு வேடிக்கை பார்த்திருக்காது. தஞ்சாவூர்ப் பக்கம் அவர் சொந்த கிராமத்தில் இதைச் செய்திருப்பாரா என்பது சந்தேகம்தான். 1932இல் 'வெளியூர் போனாள்' என்று எழுதி அந்த வரியையும் முடித்திருக்கிறார்கள். வெளியூர் என்பது மாதுங்கா.

கணவரின் பென்ஷன், பிள்ளைகளின் ரேஷன் கார்டு என்று பாட்டியைக் காட்டும் காகிதங்கள் எல்லாவற்றிலும் அவள் இன்னொருவரின் கணக்கில் வருகிறாள். ஜாதகத்தை விட்டால் அவள் தன் கணக்கில் வருவது அந்த இரண்டு வரிகளில்தான். ஜெனரல் ரெஜிஸ்டரில் ஏறாத பெண்ணை இப்படித் தேடிப் பிடிக்க முடியாது. அவள் காலத்துப் பெண்களில் பெரும்பாலோர் ஏறாதவர்கள்.

நகலைப் பெரிய மாமாவிடம் காட்டினேன். மாமா பிறந்தது 1933 ஆவணியில். தொண்ணூறைத் தாண்டியவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு வரிகளையும் படித்தார். பிறகு விரல்விட்டு எண்ணினார்.

"அப்போ என்னைப் பெத்தப்போ அம்மாவுக்குப் பதினேழு இல்லையா?"

"பதினஞ்சு மாமா. பதினாறு ஆக இன்னும் மூணு மாசம் இருந்தது."

"என் பேத்தி பத்தாவது படிக்கிறாடி" என்றார். அவளுக்கும் பதினைந்துதான்.