குத்தகைக்கு எடுத்த பேரு: காலாவதியான டொமைன்களின் கதை

"டொமைன் வாங்கிட்டேன்"னு தான் எல்லாரும் சொல்றோம். ஆனா வாங்கறதுங்கற சமாச்சாரமே இதுல கிடையாது மக்களே. எங்க பூந்தமல்லி சார்பதிவாளர் ஆபீஸ்ல ஒரு கிரவுண்டு நிலத்தைப் பத்திரம் பண்ணினா அது பேரன் பேத்தி காலம் வரைக்கும் போகும். டொமைன் அப்படி இல்லை. அது குத்தகை. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 வருஷம். கெடு முடிஞ்சு பணம் கட்டலைன்னா பேரு கைவிட்டுப் போயிடும். இந்தக் குத்தகை முறை எப்படி வந்தது, கெடு தாண்டினவங்களுக்கு அவகாசம் எப்படிக் கிடைச்சது என்பதைத் தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன்.

முதல் டாட் காம் பேரு பதிவானது 1985 மார்ச் 15. சிம்பாலிக்ஸ் என்கிற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியோடது. அதுக்கப்புறம் பத்து வருஷம் போல டொமைன் இலவசம். கேட்டா கிடைக்கும். காசே இல்லாததால காலாவதிங்கற பேச்சும் பெருசா எழலை. 1995 செப்டம்பரில் தான் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர்னு கட்டணம் போட்டது. அன்னிக்குப் பிறந்தது தான் "கெடு தேதி".

கெடுவை மறந்தவங்க சாதாரண ஆளுங்க மட்டும் இல்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்துல ஹாட்மெயில்ல நுழைய முடியாம ஏகப்பட்ட பேரு திண்டாடினாங்க. காரணம், ஹாட்மெயில் உள்நுழைவுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காம் பேருக்கு மைக்ரோசாஃப்ட் 35 டாலர் கட்டலை! மைக்கேல் சேனி என்கிற லினக்ஸ் புரோகிராமர் தன் கிரெடிட் கார்டுல அந்தக் காசைக் கட்டிப் புண்ணியம் தேடிக்கிட்டார். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்கும் 2004 பிப்ரவரியில் இதே கதி. ஈமெயிலுக்கு வச்சிருந்த டொமைன் காலாவதியாகி, ஆபீஸ் மெயில் எல்லாம் நின்னு போச்சு.

1998ல் ஐகேன் அமைப்பு வந்து, அடுத்த வருஷம் போட்டிக்குப் பல பதிவாளர்கள் வந்தாங்க. விலை குறைஞ்சது. கூடவே இன்னொரு தொழிலும் முளைச்சது. யாரோட பேரு எப்ப காலாவதியாகும்னு காத்திருந்து, விழுந்த நொடியில லபக்குன்னு பிடிக்கிற தொழில். அதுக்குன்னே மென்பொருள் எழுதினாங்க. பேரைப் பறிகொடுத்தவங்க கூப்பாடு போட்ட பிறகு தான், 2003 ஜனவரியில் டாட் காம், டாட் நெட் பேருகளுக்கு "மீட்பு அவகாசம்" நடைமுறைக்கு வந்தது.

கணக்கு இப்படித்தான். கெடு முடிஞ்சதும் பதிவகம் தானாகவே ஒரு வருஷம் நீட்டி, பதிவாளர்கிட்ட காசை எடுத்துக்கும். 45 நாளுக்குள்ள பதிவாளர் அந்தப் பேரை ரத்து பண்ணினா காசு திரும்பி வரும். இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்த 45 நாள் பதிவாளருக்குக் கிடைக்கிற அவகாசம், நமக்கு இல்லை. அதுல நமக்கு எத்தனை நாள் விடறதுன்னு அவங்க தான் முடிவு பண்றாங்க. சிலர் 30 நாள் தருவாங்க, சிலர் அதுக்குள்ளயே ஏலம் விட்டுடுவாங்க. ரத்தானதுக்கு அப்புறம் 30 நாள் மீட்பு அவகாசம். இதுல பழைய சொந்தக்காரர் மட்டும் தான் மீட்க முடியும், ஆனா அபராதம் தீட்டிடுவாங்க. கடைசி 5 நாள் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் பேரு பொதுச்சந்தைக்கு வந்துடும்.

2013 ஆகஸ்டுல இருந்து ஐகேன் இன்னொரு விதியும் போட்டது. கெடுவுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒண்ணு, ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு, கெடு முடிஞ்ச 5 நாளுக்குள்ள ஒண்ணுன்னு பதிவாளர் ஞாபகப்படுத்தியே ஆகணும். நல்ல விதி தான். ஆனா அந்த மெயில் யாருக்குப் போகுது?

குமணன்சாவடியில மரச்சாமான் கடை வச்சிருக்கிற நண்பருக்கு நடந்தது இது. தளம் போட்டுக் கொடுத்த பையன் டொமைனைத் தன் பேர்லயே, தன் மெயில்லயே பதிஞ்சுட்டு வெளிநாடு போயிட்டான். ஞாபகக் கடிதம் எல்லாம் அவனுக்கே போச்சு. ஒரு நாள் கடைத் தளத்துல விளம்பரம் ஓடுது. பையனைத் தேடிப் பிடிச்சு, மீட்பு அவகாசத்துல அபராதத்தோட பேரை மீட்டார் நண்பர். இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா போயே போச்சு. விசிட்டிங் கார்டு, கடை போர்டு, டெம்போ வண்டின்னு எல்லாத்துலயும் அந்தப் பேரு தான்!

நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். 2005 ஜனவரியில் டாட் இன் பதிவைத் தாராளமாக்கினாங்க. அதுக்கு முன்னாடி பல வருஷமா பதிவானதே ஏழாயிரம் பேரு போல தான். அதுக்கு முந்தின வருஷம் 2004ல், சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே (அதாங்க, சிஃபி) வழக்குல, டொமைன் பேருக்கும் வணிகச் சின்னத்துக்கு உண்டான பாதுகாப்பு உண்டுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சட்டம் காப்பாத்தும், ஆனா சந்தாவை நாம தான் கட்டணும்.

பதிவாளரே கவுந்தா? நெட்4இந்தியா என்கிற பெரிய பதிவாளர் மேல 2019ல் திவால் நடவடிக்கை ஆரம்பிச்சது. காசு கட்டத் தயாரா இருந்தும் புதுப்பிக்க முடியலை, வேற இடத்துக்கு மாத்தவும் முடியலைன்னு வாடிக்கையாளர்கள் புலம்பித் தீர்த்தாங்க. 2021ல் ஐகேன் அங்கீகாரத்தை ரத்து செய்து, அந்தப் பேருகளை வேற பதிவாளருக்கு மாத்த வேண்டியதாச்சு.

நம்ம பதிவுலகத்தையே தொட்ட கதை இனிமே தான். 2012 தொடக்கத்துல கூகுள், இந்தியாவுல இருந்து பிளாக்ஸ்பாட் பதிவுகளைத் திறக்கறவங்களை டாட் காம்ல இருந்து டாட் இன்னுக்குத் திருப்பி விட ஆரம்பிச்சது. அந்தந்த நாட்டுச் சட்டப்படி ஒரு பதிவை அந்த நாட்டுல மட்டும் மறைக்க வசதியாம். நாம ஒருத்தருக்கு ஒருத்தர் சுட்டி கொடுக்கும்போது உலாவியில தெரிஞ்ச உரலை அப்படியே காப்பி பண்ணி ஒட்டினோம். எல்லாமே டாட் இன். 2018ல் அந்தத் திருப்பலை நிறுத்தி, பழைய டாட் இன் சுட்டிகளை டாட் காமுக்கு அனுப்பினாங்க. 2020 ஜூன்ல பிளாக்ஸ்பாட் டாட் இன் பேரைக் கூகுள் புதுப்பிக்காம கோட்டை விட்டுது! வேற யாரோ பிடிச்சு, 6,000 டாலர் போல விலை சொல்லி விற்பனைக்கு வச்சாங்க. நாற்பது லட்சத்துக்கு மேல சுட்டிகள் செத்துப் போச்சுன்னு அப்போ செய்தி வந்தது. அதுல நம்ம பதிவர்களோட சுட்டிகள் எத்தனையோ!

எங்க ஊருக்குப் பூவிருந்தவல்லின்னும் பேரு, பூந்தமல்லின்னும் பேரு. ராமானுஜர் காலத்துத் திருக்கச்சி நம்பி பிறந்த ஊரு. எந்தப் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்டாலும் கண்டக்டர் இங்க தான் இறக்கி விடுவார். யாரும் வருஷா வருஷம் சந்தா கட்டலை. ஜனங்க வாயில புழங்கறதாலேயே அந்தப் பேரு நிக்குது. இணையத்துல பேரு அப்படி நிக்காது.

அதனால செய்ய வேண்டியது மூணு. ஒண்ணு, டொமைன் உங்க சொந்தப் பேர்ல, உங்க மெயில்ல இருக்கான்னு பாருங்க. அந்த மெயில் அதே டொமைன்ல இருக்கக் கூடாது. டொமைன் போனா மெயிலும் போயிடும். ரெண்டு, கெடு தேதியை வீட்டுல இன்னொருத்தருக்கும் சொல்லி வைங்க. பதிவர் போன பிறகு அவர் தளமும் போறதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம். மூணு, உங்க பழைய இடுகைகள்ல டாட் இன்னுன்னு இருக்கிற பிளாக்ஸ்பாட் சுட்டிகளை டாட் காம்னு மாத்துங்க. பதிவு அழியாம இருந்தா உடனே திறக்கும். வழி தான் மூடியிருக்கு, வீடு அங்கேயே இருக்கு.

கொசுறு: 2015ல் கூகுள் டாட் காம் பேரே 12 டாலருக்கு விற்பனைக்குன்னு வந்து, குஜராத்தைச் சேர்ந்த ஒரு முன்னாள் கூகுள் ஊழியர் வாங்கிட்டார். ஒரு நிமிஷம் தான், அப்புறம் ரத்து. கூகுள் கொடுத்த பரிசு 6,006.13 டாலர். அந்த எண்ணை உத்துப் பாருங்க, ஆங்கிலத்துல கூகுள்னு தெரியும் :-) அவர் அதைத் தர்மத்துக்குக் கொடுக்கச் சொன்னதும் தொகையை இரட்டிப்பாக்கிட்டாங்க.