பழைய ஷாட்கன்னும் துருவின் நிறமும்

தாத்தா காலத்து இரட்டைக் குழல் ஷாட்கன் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி, துருவைத் தேய்த்துப் புதிதுபோல் ஆக்குவது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு வீட்டுப் பொழுதுபோக்கு. மரப்பகுதியில் பெரிய சிக்கல் இல்லை. வால்நட் மரத்தில் விழுந்த பள்ளத்தின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நீராவியில் மரம் உப்பி மேலே வந்துவிடும். பிறகு ஆளிவிதை எண்ணெயைப் பல நாட்கள் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் முழுவதும் குழலில்தான்.

துரு இரும்பின் எதிரி என்று பள்ளியில் படிக்கிறோம். ஆனால் அக்காலத் துப்பாக்கிக் கொல்லர்கள் துருவையே இரும்புக்குப் பூச்சாக்கினார்கள். குழலின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, அமிலக் கரைசலை மெல்லியதாகத் தடவி, ஈரமான இடத்தில் விடுவார்கள். படியும் செந்துருவைத் தேய்த்துவிட்டு மறுபடி தடவுவார்கள். பல முறை இப்படிச் செய்ததும் உறுதியான பழுப்பு நிறம் வரும். இதற்கு 'பிரவுனிங்' என்று பெயர். (துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) ஒவ்வொரு முறையும் கொதிநீரில் முக்கி எடுத்தால் செந்துரு கரிய ஆக்சைடாக மாறி, நீலம் கலந்த கறுப்பு கிடைக்கும்.

இந்தப் பழுப்பு 'டமாஸ்கஸ்' குழல்களில்தான் அழகு. இரும்பு, எஃகுக் கம்பிகளை முறுக்கி, தண்டில் சுற்றி, சூடேற்றி அடித்து ஒட்டிய குழல்கள் இவை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் இதற்குப் பேர்போனது. இரும்பும் எஃகும் வெவ்வேறாக நிறம் ஏற்பதால் சுருள் சுருளாகக் கோலம் தெரியும். பெயரைப் பார்த்து, தென்னிந்திய வூட்ஸ் எஃகில் செய்த டமாஸ்கஸ் வாள்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தோற்றம்தான் ஒன்று, செய்முறை வேறு.

20ஆம் நூற்றாண்டில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கொதிக்கும் தொட்டியில் அரைமணி நேரத்தில் நிறமேற்றும் முறை பரவியது. வேகமானதுதான். ஆனால் பழைய இரட்டைக் குழல்களுக்கு நடுவே உள்ள பட்டை ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டது. அந்தக் காரம் பற்றைத் தின்றுவிடும். அவசரப்பட்டவர்களின் துப்பாக்கி பட்டை கழன்று வந்ததற்குக் காரணம் இதுதான்.

இதைவிட ஆபத்தானது உட்புறம். 1884ல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். அதற்கு முந்தைய குழல்கள் கரிமருந்தின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. பல பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளின் அறை இரண்டரை அங்குலம். இன்றைய சாதாரணத் தோட்டா இரண்டே முக்கால். ஆனாலும் தோட்டா உள்ளே சுலபமாக நுழைந்துவிடும், ஏனென்றால் அந்த அளவு சுட்டபின் வாய் விரிந்த நீளம். விரிய இடமில்லாதபோது அழுத்தம் எகிறும். துருக்குழிகளைப் போக்க உள்ளே கடைந்து சுவரை மெல்லியதாக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம், குழல் வெடித்து இடது கை விரல்கள் போகலாம்.

இதற்காகத்தான் 1637ல் சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கமும், 1813ல் சட்டப்படி அமைந்த பர்மிங்காம் சோதனைச் சாலையும் அதிக மருந்து இட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலில் முத்திரை குத்தின. எந்த அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது, அப்போது குழலின் உள்விட்டம் எவ்வளவு என்றெல்லாம் அந்தச் சின்ன எழுத்துகள் சொல்லும். வீட்டில் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கும்போது முதலில் மறைந்துபோவது அவைதான்.