மருத்துவச்சி (பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்)

வீடு தேடி வந்து பிரசவம் பார்த்த கிராமத்துப் பெண். பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. பச்சைமலை அடிவாரம் முதல் கொள்ளிடக்கரை வரை மானாவாரிக் காடுகள் மிகுந்த இந்த வட்டாரத்தில், வலி கண்டவளை வண்டி கட்டி நகரத்துக்குக் கொண்டுபோவதற்குள் பிள்ளை பிறந்துவிடும். மருத்துவச்சியே துணை. தமிழகத்தின் பல ஊர்களைப் போல இங்கும் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்களே பெரும்பாலும் இதைச் செய்தனர். தானியமும் சேலையும் கூலி. இரண்டு உயிர்களைக் காத்தவளைச் சாதியின் பெயரால் திண்ணைக்குக் கீழே நிறுத்தியது ஊரின் நன்றிகெட்டதனம்.

1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் பயிற்சி பெற்றவர்களைப் பதிவுசெய்தது. வழிவழியாகக் கற்றவர்கள் வெளியே நின்றனர். 1970களில்தான் அரசு அவர்களைப் பெருமளவில் அழைத்துப் பயிற்சி தந்தது. கை, விரிப்பு, பிளேடு, கட்டும் நூல், தொப்புள்கொடி ஆகிய ஐந்தும் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதே முதல் பாடம். துருப்பிடித்த அரிவாளும் அழுக்கு நூலும் பச்சிளங்குழந்தைக்கு ரணஜன்னியைக் கொண்டுவந்தன. தாய்க்குப் போட்ட தடுப்பூசியும் இந்தச் சுத்தமும் சேர்ந்து அதை விரட்டின. 2015இல் இந்தியா அந்நோயை ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் உதிரப்போக்கு, பேறுகால ஜன்னி, குறுக்கே கிடக்கும் பிள்ளை ஆகியவற்றுக்கு இரத்தமும் அறுவை அரங்கும் வேண்டும். எனவே அரசின் கொள்கை மருத்துவமனைப் பக்கம் திரும்பியது. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து வீடுவீடாகச் சென்றார். 1987இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவி வந்தது. பின்னர் அது 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் செவிலியர் இருந்தனர். 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனைகளில் நடந்தன. 2018-20இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய் மரணம் தமிழகத்தில் 54. நாடு முழுவதற்கும் 97. அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

இந்த வெற்றியில் மருத்துவச்சியின் தொழில் மறைந்தது. பேறுகாலம் மட்டுமா அவள் பார்த்தாள்? வெள்ளைப்படுதல், கருப்பை இறக்கம், மாதவிடாய்க் கோளாறு என்று ஆண்களிடம் சொல்ல முடியாததைப் பெண்கள் அவளிடம்தான் சொன்னார்கள். அந்தக் காது இன்று கிராம சுகாதார செவிலியருக்கு வேண்டும்; பதிவேடுகளும் கணினிப் பதிவும் அவர் நேரத்தைத் தின்கின்றன. தமிழகப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருக்கும்போது, மாத்திரையைக் கொடுத்துவிட்டு நகர்வது போதாது. செவிலியரின் எழுத்து வேலையைக் குறைக்க வேண்டும். எஞ்சியிருக்கும் முதிய மருத்துவச்சிகளுக்கு ஓய்வூதியம் தர வேண்டும்.