'ரன்' என்னும் வினையும் அதன் 645 பொருள்களும்

ஆங்கிலத்தில் 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள்கள் உண்டு என்ற செய்தி 2011 முதல் பலராலும் எடுத்தாளப்படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக அந்தப் பதிவைத் திருத்தி முடிக்க அகராதியியலாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு என்ற இடம் 'செட்' வினைக்கு இருந்தது. அதை 'ரன்' பிடித்துக்கொண்டது. இவ்வுழைப்பு போற்றத்தக்கது. எனினும் 645 என்ற எண் சொல்லின் இயல்பைவிட, ஒவ்வொரு வழக்காற்றையும் காலவரிசையில் தனித்துப் பதியும் அகராதி நெறியையே காட்டுகிறது என்பது என் வாதம்.

மாற்றுச் சொற்களை இட்டுப் பார்த்தால் இது விளங்கும். 'ரன் எ ஷாப்' என்றால் கடை நடத்துவது. அங்கே 'மேனேஜ்' பொருந்தும். 'ரன் எ டெஸ்ட்' என்ற தொடரில் அது பொருந்தாது, 'கண்டக்ட்' வேண்டும். ஆற்றைப் பற்றிய பேச்சானால் 'ஃப்ளோ'. காய்ச்சல் கண்டதைச் சொல்லும் 'ரன் எ ஃபீவர்' தொடரிலோ இம்மூன்றுக்கும் இடமில்லை. 'ஹேவ்' என்ற எளிய வினைதான் கைகொடுக்கிறது. எல்லாவற்றிலும் வினை ஒன்றே. உடன் வந்த பெயர்தான் மாறியது. 'மேனேஜ்', 'ஃப்ளோ' இரண்டையும் ஒருபொருள் குறித்த பலசொல் என எவரும் கொள்ளார். அப்படியிருக்க, 'ரன்'னுக்கு நேராக அவற்றை ஒரே வரிசையில் நிறுத்துவது எப்படித் தகும்?

ஓட்டம் என்ற ஒரு மூலக்கருத்திலிருந்தே அனைத்தும் கிளைத்தன என்பார் உளர். ஆறு, எந்திரம், காலம் வரை அது சரி. தேர்தலில் அது முறிகிறது. அமெரிக்க வேட்பாளர் பதவிக்கு 'ரன்' செய்கிறார். பிரிட்டன் வேட்பாளர் அதே செயலுக்கு 'ஸ்டாண்ட்' என்கிறார். (தமிழிலும் வேட்பாளர் நிற்கவே செய்கிறார்.) ஓடுவதும் நிற்பதும் உடலளவில் முரணானவை. தேர்தல் என்ற சூழலில் அவை ஒரே பொருளைத் தருகின்றன என்றால், அப்பொருளை வினையின் மூலக்கருத்து தரவில்லை. தொடரும் வழக்கும் தந்தன.

இச்சிக்கல் புதிதன்று. 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதி முன்னுரையிலேயே 'கெட்', 'புட்', 'ரன்', 'டேக்' போன்ற வினைகளின் பொருளெல்லை பிடிபடாததைச் சொல்லி வருந்தினார். 1852இல் வெளியிட்ட தம் சொற்களஞ்சியத்தில் பீட்டர் மார்க் ரோஜே வேறு வழி கண்டார். கருத்தைத் தலைப்பாக்கிச் சொற்களை அதன்கீழ்த் தொகுத்ததால், பலபொருள் கொண்ட ஒரு வினை அவர் நூலில் பல இடங்களில் சிதறி நிற்கிறது. அச்சிதறலே உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் எந்தச் சொல் எந்தப் பெயரோடு சேரும் என்பதை அத்தொகுப்பும் விளக்கவில்லை.

நம் மாணவர்க்கான ஆங்கில–தமிழ் அகராதிகளைத் தொகுப்போர் இக்குறையைக் களையலாம். 'ரன்' என்பதற்கு நேரே பத்துச் சொற்களை அடுக்குவதை விட்டு, கடை, சோதனை, காய்ச்சல், தேர்தல் என உடன்வரும் பெயரை முதலில் காட்டி, அதற்குரிய மாற்றுச் சொல்லை அதனருகில் தர வேண்டும்.